பேலன்சரைக் கழற்றும் மகான்களுக்கு ஒரு கும்பிடு

செமஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம்தான். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் மேஜை மேல் கிடந்து என்னை முறைக்கிறது. ஆனால் இதை எழுதி முடிக்காமல் படிப்பு ஓடாது போலிருக்கிறது.

கொஞ்ச நாளாக எங்கள் கேன்டீனிலும் சரி, கேட்டுக்கு வெளியே டீக்கடையிலும் சரி, பைக் வைத்திருக்கும் பயல்கள் வாயில் ஒரே மந்திரம். "மச்சி, இன்ஜினுக்குள்ள பேலன்சர்னு ஒண்ணு இருக்கு. கம்பெனிக்காரன் அதை வெச்சுதான் வண்டியைச் சாவடிக்கிறான். அதைத் தூக்கிப் போட்டா பழைய புல்லட் மாதிரி அதிரும், பிக்கப்பும் எகிறும்." சொல்பவர் முகத்தில் அப்படி ஒரு ஞான ஒளி. கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். ஒருத்தராவது "அது எதுக்குய்யா அங்க இருக்கு?" என்று கேட்கக் காணோம்.

"நீ பி.காம். படிக்கிறவன், உனக்கு என்னடா இன்ஜினைப் பத்தி?" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கிளம்புவீர்கள். தெரியும். பெருக்கல் தெரிந்தால் போதும், இந்தப் பதிவு புரியும். கடைசியில் இது இன்ஜினியரிங் கணக்கைவிட எங்கள் டிபார்ட்மென்ட் கணக்காகத்தான் போய் முடியப்போகிறது. பார்க்கத்தானே போகிறீர்கள்.

அது எதற்கு அங்கே இருக்கிறது?

ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் ஒரே பிஸ்டன். அது மேலே போய் ஒரு கணம் நிற்கும், திரும்பும், கீழே வந்து நிற்கும், மறுபடி மேலே போகும். 6,000 ஆர்பிஎம்மில் இது நொடிக்கு 100 முறை நடக்கிறது. ஓடுகிற ஒரு பொருளை நிறுத்தித் திருப்ப விசை வேண்டும். அந்த விசைக்கான எதிர்விசையை வாங்கிக்கொள்வது யார்? கிராங்க், பேரிங், கேஸ், ஃப்ரேம், கடைசியாக உங்கள் உள்ளங்கை.

சரி, கிராங்கில் பிஸ்டனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு எடையை வைத்தால்? வைக்கிறார்கள். ஆனால் பிஸ்டன் மேலும் கீழும் மட்டும் போகிறது, கிராங்கில் வைத்த எடையோ வட்டமடிக்கிறது. பிஸ்டனுக்குச் சமமாக முழு எடையையும் வைத்தால் மேல்-கீழ் ஆட்டம் அடங்கும், அதே அளவு முன்-பின் ஆட்டம் வந்து உட்காரும். வீட்டுக் குப்பையைக் கூட்டி பக்கத்து வீட்டு வாசலில் தள்ளுகிற கதைதான். அதனால் ஏறக்குறைய பாதிக்கு வைத்து, மேல்-கீழில் பாதி, முன்-பின்னில் பாதி என்று பங்கு போடுகிறார்கள்.

இப்படிப் பங்கு போட்ட பிறகு மிஞ்சுகிற பாதி விசைக்கு ஒரு வினோதக் குணம் உண்டு. அது கிராங்க் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில், கிராங்கின் வேகத்திலேயே சுற்றும். அப்படியானால் எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுற்றும் இன்னொரு ஷாஃப்டில் சரியான எடையைச் சரியான கோணத்தில் வைத்தால் அந்தப் பாதியும் காலி. இதுதான் பேலன்சர். மொத்த விஷயமும் அவ்வளவுதான்.

இந்த மாதிரி தனி ஷாஃப்ட் வைத்துச் சமன் செய்யும் வித்தை நேற்று வந்ததும் இல்லை. இங்கிலாந்தின் ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1904-லேயே பேலன்ஸ் ஷாஃப்டை உருவாக்கிவிட்டார்.

இப்போது பெருக்கல். ராயல் என்ஃபீல்ட் 2020-ல் மீட்டியரோடு கொண்டுவந்த புது 350 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். போர் 72 மி.மீ., ஸ்ட்ரோக் 85.8 மி.மீ. பிஸ்டன், பின், ரிங், கனெக்டிங் ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்த்து ஒரு பேச்சுக்கு 400 கிராம் என்று வையுங்கள். 6,000 ஆர்பிஎம்மில் அந்த 400 கிராமைத் திருப்பும் முதன்மை விசையின் உச்சம் சுமார் 690 கிலோ எடைக்குச் சமம். அதில் பாதி, அதாவது சுமார் 345 கிலோவை, பேலன்சர் ஓசைப்படாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறது. 3,000 ஆர்பிஎம்மில் இது நாலில் ஒரு பங்கு, சுமார் 86 கிலோ. விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் வேகம் இரண்டு மடங்கானால் அடி நாலு மடங்கு.

இந்த 345 கிலோவைத்தான் நம்ம மகான்கள் "சும்மா கிடக்குற எக்ஸ்ட்ரா பார்ட்" என்கிறார்கள். நல்லா இருங்கப்பா.

மகான்களின் வாதங்கள், ஒவ்வொன்றாக

1. "பேலன்சர் பவரைத் தின்னுது."

கொஞ்சம் தின்னும், மறுக்கவில்லை. இரண்டு பேரிங்கின் உராய்வு, ஒரு ஜோடி கியரின் உராய்வு, ஆயிலைக் கலக்குவதில் கொஞ்சம் இழப்பு. மற்றபடி சுற்றுகிற எடை தானாகப் பவரைத் தின்னாது. வேகமெடுக்கும்போது சக்தியை வாங்கி வைத்துக்கொள்ளும், வேகம் குறையும்போது திருப்பிக் கொடுக்கும். கழற்றினால் இன்ஜின் சற்றே சுறுசுறுப்பாக ரெவ் ஏறலாம். 20.2 பிஎச்பி இன்ஜினில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க டைனோ வேண்டும், உங்கள் பின்பக்கம் போதாது. :-)

இன்னொன்றையும் யோசியுங்கள். கிராம் கணக்கில் எடை குறைக்கும் மோட்டோகிராஸ் வண்டிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? கேடிஎம் 450 எஸ்எக்ஸ்-எஃப் பந்தயத்துக்கென்றே கட்டிய ஒற்றை சிலிண்டர் வண்டி. அதிலும் பேலன்சர் இருக்கிறது. அதோடு விட்டார்களா? அதே ஷாஃப்டை வைத்தே வாட்டர் பம்ப்பையும் டைமிங் செயினையும் ஓட்டுகிறார்கள். 2016-ல் வந்த 690 டியூக்கில் சிலிண்டர் ஹெட்டுக்குள் இரண்டாவதாக ஒரு பேலன்சரையும் சேர்த்தார்கள். பவருக்காக உயிரை விடுகிறவர்கள் இன்னொன்றைச் சேர்க்கிறார்கள், காலேஜுக்கு வந்துபோகிற நாம் இருக்கிற ஒன்றைக் கழற்றுகிறோம். என்ன லாஜிக்கோ.

2. "கார்ல எல்லாரும் கழட்டுறாங்களே."

இது கொஞ்சம் படித்த மகான்களின் வாதம். உண்மைதான். மிட்சுபிஷியின் 4ஜி63 இன்ஜினுக்கு பேலன்ஸ் ஷாஃப்ட் நீக்கும் கிட் கடையிலேயே கிடைக்கும். ஆனால் அங்கே ஒரு காரணம் இருக்கிறது. அதில் ஒரு பேலன்ஸ் ஷாஃப்டைத் தனி பெல்ட் ஓட்டுகிறது. அது அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் போச்சு. அந்தப் பயத்தில் கழற்றுகிறார்கள்.

அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. வரிசையாக நாலு சிலிண்டர் இருந்தால் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். முதன்மை விசை தானாகவே அடிபட்டுப் போகும். அங்கே பேலன்ஸ் ஷாஃப்ட் அடக்குவது இரண்டாம் நிலை அதிர்வை மட்டும். அந்த இன்ஜினும் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ஓட்டுகிறவர் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காருக்குள் சீட்டில் சாய்ந்திருக்கிறார். நம் வண்டியில் பேலன்சர் அடக்குவது முதன்மை விசையையே. இன்ஜினுக்கும் நம் தொடைக்கும் நடுவில் இருப்பது பெட்ரோல் டேங்க் மட்டும்தான். கார்க்காரன் செருப்பைக் கழற்றினான் என்று நாம் காலைக் கழற்றக் கூடாது.

3. "பேலன்சரே நம்ப முடியாத ஐட்டம், உடைஞ்சா இன்ஜின் காலி."

நியாயமான வாதம் இது ஒன்றுதான். மரியாதையாகவே பதில் சொல்கிறேன். 1972-ல் வந்த யமஹா டிஎக்ஸ்750 இதற்குப் பேர்போனது. அதன் பேலன்சர் எடைகள் அதிக வேகத்தில் ஆயிலைக் கடைந்து நுரையாக்கின, நுரைத்த ஆயிலால் பேரிங்குகள் தேய்ந்தன, மாடலே காணாமல் போனது. 1987 முதல் வந்த கவாசாகி கேஎல்ஆர்650-இல் பேலன்சர் செயினை இழுத்துப் பிடிக்கும் லீவர் உடையும் என்பது ஊரறிந்த விஷயம்.

சரி, அந்த கேஎல்ஆர்காரர்கள் என்ன செய்தார்கள்? பேலன்சரையா தூக்கிப் போட்டார்கள்? வலுவான லீவராக ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு ஊர் சுற்றினார்கள். பிரேக் ஒயர் அறுந்தால் ஒயரை மாற்றுவோமா, "இனி பிரேக்கே வேணாம்" என்போமா? இன்னொன்று, டிஎக்ஸ்750 வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. இன்றைய 350-க்கு அந்தக் கதை எப்படி ஆதாரமாகும்?

4. "அந்தக் காலத்து வண்டியில பேலன்சரே இல்லையே, ஓடலையா?"

ஓடின. நன்றாகவே ஓடின. 70-க்கு 90 மி.மீ. அளவில் இருந்த பழைய புல்லட்டில் பேலன்சர் கிடையாது. 1978-ல் வந்து 2021-ல் விடைபெற்ற யமஹா எஸ்ஆர்400-லும் கிடையாது. ஆனால் அந்த வண்டிகளை வரைந்தவர்களுக்கு பேலன்சர் இல்லை என்பது முதல் நாளே தெரியும். எந்த அதிர்வை எந்தப் பக்கம் தள்ளினால் அந்த ஃப்ரேம் தாங்கும் என்று பார்த்துத்தான் கிராங்கின் எதிர்எடையை முடிவு செய்தார்கள். ஃப்ளைவீல், மவுண்ட், பிராக்கெட் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவை. பேலன்சர் இல்லாமல் அதிர்வை அடக்க நினைத்த நார்ட்டன் கம்பெனி 1967-ல் கமாண்டோவுக்காக இன்ஜினையும் பின்சக்கரத்தையும் சேர்த்து ரப்பரில் தொங்கவிடும் தனி அமைப்பையே செய்ய வேண்டி வந்தது.

உங்கள் வண்டியிலோ கிராங்க் "எனக்குப் பக்கத்தில் பேலன்சர் இருக்கிறது" என்று நம்பி வடிவமைக்கப்பட்டது. பேரிங், ஃப்ரேம், ஹெட்லைட் பிராக்கெட், மீட்டர், ஈசியூ கனெக்டர் எல்லாம் அந்த நம்பிக்கையில் போட்டவை. இதில் பேலன்சரை உருவினால் பழைய புல்லட் கிடைக்காது. உடைந்த புது வண்டிதான் கிடைக்கும். பேலன்சர் பேரிங்குக்குப் போகிற ஆயில் துளையைச் சரியாக அடைக்காமல் விட்டால் ஆயில் பிரஷர் அந்த வழியாக ஒழுகிப் போவது தனிக் கதை.

5. "அந்த 'டுப்டுப்' சத்தம் திரும்ப வரும் மச்சி."

வராது. சத்தியமாக வராது. டுப்டுப் என்பது சைலன்சர் வழியாக வரும் சத்தம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும் பெரிய ஒற்றை சிலிண்டர், நீள ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல் தரும் மெதுவான ஐட்லிங், இவை சேர்ந்து கொடுத்த தாளம் அது. பேலன்சர் கிராங்க் கேஸுக்குள் ஆயிலில் நனைந்து சுற்றுகிறது. எக்ஸாஸ்ட் கேஸுக்கும் அதற்கும் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. அதைக் கழற்றினால் திரும்ப வருவது மரத்துப்போகும் உள்ளங்கை மட்டும்தான்.

அதிர்வையே அடையாளமாக விற்கிற ஹார்லிகூட 2016-ல் மில்வாக்கி எயிட் இன்ஜினைக் கொண்டுவந்தபோது பேலன்சர் வைத்தது. ஐட்லிங்கில் முதன்மை அதிர்வில் 75 சதவீதத்தை அடக்கி, மிச்சத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தது. அதிர்வு வேண்டும் என்றாலும் அளந்து வைக்கிறார்கள். கிரைண்டரும் கட்டிங் வீலும் வைத்துக்கொண்டு குத்துமதிப்பாகச் செய்வதில்லை.

இனி எங்கள் டிபார்ட்மென்ட்

"என் வண்டி, என் காசு, என் கை மரத்துப் போனா உனக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயம்தான். வண்டி சாகும்வரை அதை நீங்களே வைத்திருந்தால். ஆனால் வைத்திருக்க மாட்டீர்களே! ஃபைனல் இயர் முடிந்ததும் விற்பீர்கள். என் கோபம் முழுக்க அங்கேதான்.

எங்கள் வகுப்பில் ஒரு நண்பன். வீட்டு நிலைமைக்காக சாயங்காலம் சாப்பாடு டெலிவரி செய்கிறான். போன வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் 350 வாங்கினான். அப்பா நகையை அடகு வைத்துக் கொடுத்த காசு. பெயின்ட் பளபளப்பு, ஆர்சி சுத்தம், ஓட்டிப் பார்த்த தெருவில் வண்டி நன்றாகவே போனது. பத்து நாளில் 60-க்கு மேல் போனால் கண்ணாடியில் பின்னால் வருவது பஸ்ஸா லாரியா என்று தெரியாத நிலை. நம்பர் பிளேட் போல்ட் கழன்றது. இண்டிகேட்டர் ஸ்டாண்டு விரிசல் விட்டது. ராத்திரி பத்தரைக்கு வண்டியை நிறுத்திவிட்டு பரோட்டாவைப் பிய்க்க விரல் மடங்கவில்லை என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெக்கானிக் பக்கத்து கவரைத் திறந்து பார்த்தால் பேலன்சர் இருக்க வேண்டிய இடம் காலி. முன்னால் வைத்திருந்த புண்ணியவான் தூக்கிப் போட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் விற்றிருக்கிறார்.

காமர்ஸ் மக்களே, இதற்குப் பெயர் என்ன? ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் எழுதிய கட்டுரை நினைவிருக்கிறதா? 2001-ல் நோபல் வாங்கினாரே, அவர்தான். அவர் எடுத்த உதாரணமே பழைய கார் சந்தை. விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்லது எது சொத்தை என்று தெரியாததால் வாங்குபவர் எல்லாவற்றுக்கும் விலையைக் குறைத்தே கேட்பார், ஒழுங்காக வைத்திருந்தவரும் அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டி வரும், நல்ல வண்டிகள் சந்தையை விட்டே போகும். நீங்கள் ரகசியமாகக் கழற்றும் ஒவ்வொரு பேலன்சரும், கழற்றாத ஆளின் வண்டி விலையையும் சேர்த்துத்தான் குறைக்கிறது.

சட்டம் காப்பாற்றுமா? சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16. 'வாங்குபவரே உஷார்' என்பதுதான் அங்கே அடிப்படை. அதற்கு விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் அந்தச் சரக்கை வியாபாரமாக விற்பவரிடம் வாங்கினால்தான் உதவும். ஒரு மாணவன் இன்னொரு மாணவனுக்கு டீக்கடையில் வைத்து விற்றால்? உஷாராக இருந்திருக்க வேண்டியது வாங்கியவன். கலரை மாற்றினால் ஆர்சியோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். இன்ஜினுக்குள் உருவியது எந்தத் தாளிலும் வராது.

உடம்புக் கணக்கையும் பார்த்துவிடுவோம். தொடர்ந்து கையில் வாங்கும் அதிர்வு விரல்களின் ரத்த நாளத்தையும் நரம்பையும் கெடுக்கும் என்பது மருத்துவம் ஒத்துக்கொண்ட விஷயம். டிரில்லிங் மெஷின் மாதிரி கருவிகளோடு வேலை செய்பவர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் வரம்பே போட்டது: 8 மணி நேர வேலை நாளுக்கு 2.5 மீட்டர்/நொடி² வந்தால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. கை மட்டுமா? அதிக சக்தி கொண்ட மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரில் போனை மாட்டினால் கேமரா கெட்டுப்போகலாம் என்று ஆப்பிள் 2021-ல் எச்சரித்தது. கேமராவுக்கே இந்தக் கவலை. தினமும் ஆறு மணி நேரம் ஹேண்டில்பாரைப் பிடிக்கிற டெலிவரி பையனின் விரலுக்கு யார் எச்சரிக்கை விடுவார்கள்?

அப்ப என்னதான் செய்யச் சொல்றே?

அதிர்வு பிடிக்குமா? தப்பே இல்லை. அதிர்வுக்கென்றே கட்டிய பழைய புல்லட் சந்தையில் கிடைக்கிறது. தேடி வாங்குங்கள், காலையில் ஈசிஆரில் போய் ஆசை தீர அதிருங்கள். நானும் பின்னால் உட்கார்ந்து வருகிறேன்.

பேலன்சர் உள்ள வண்டியே ஓவராக அதிர்கிறதா? முதலில் இன்ஜின் மவுண்ட் போல்ட்டைப் பாருங்கள். அப்புறம் செயின், வீல். இன்ஜினைச் சமீபத்தில் பிரித்துச் சேர்த்திருந்தால் பேலன்சர் கியரின் டைமிங் புள்ளி ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலே நண்பன் எதிரியாகிவிடுவான்.

ஏற்கெனவே கழற்றியாகிவிட்டதா? அந்த ஷாஃப்டைப் பழைய இரும்புக் கடையில் போடாமல் வைத்திருங்கள். விற்கும்போது அதையும் கையில் கொடுத்து, விற்பனைத் தாளில் "பேலன்சர் நீக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். விலை குறையும்தான். செய்த காரியத்தின் உண்மையான செலவு அதுதான், அதை நீங்களே கட்டுங்கள். கட்ட மனசில்லை என்றால், அந்தச் செலவை வேறு யாரோ ஒருத்தன் தன் விரலால் கட்டுகிறான் என்று அர்த்தம்.

அந்த ஒரு வரியை எழுதத் துணிச்சல் இல்லாதவர்கள் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

டிஸ்கி: மெக்கானிக்கல் நண்பர்கள் என் 400 கிராம் கணக்கோடு சண்டைக்கு வரலாம். வேறு எடையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். 300 கிராம் என்று வைத்தாலும் பேலன்சரின் பங்கு சுமார் 259 கிலோ. அதையும் கையில் தாங்குகிறேன் என்பவர்களுக்கு மறுபடியும் ஒரு கும்பிடு.